கொல்லும் என்பவர்களும் பொறுத்துக்கொள் என்பவர்களும்

"அவருக்கு நோயால ஒண்ணும் ஆகல, கீமோ குடுத்துத்தான் முடிச்சிட்டாங்க." துக்க வீட்டில் இந்த வாக்கியத்தைக் கேட்காதவர் குறைவு. சொல்கிறவர் கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறார். ஆஸ்பத்திரிக்குச் சொந்தக் காலில் நடந்து போனவர், மூன்றாவது கீமோ முடிந்து திரும்பும்போது முடி கொட்டி, வாயெல்லாம் புண்ணாகி, ஆட்டோவிலிருந்து இரண்டு பேர் கைத்தாங்கலாக இறக்க வேண்டியவராக வந்தார். நோய் யார் கண்ணிலும் படாமல் உள்ளே இருந்தது. மருந்து செய்தது தெருவுக்கே தெரிந்தது. பழி மருந்தின்மேல் விழுந்ததில் ஆச்சரியமில்லை.

ஆனால் அந்தத் தீர்ப்பு துக்க வீட்டோடு நிற்பதில்லை. அதே தெருவில் இன்னொரு பெண்ணுக்கு மார்பில் கட்டி என்று தெரிய வரும்போது அது ஆலோசனையாக மாறுகிறது. "ஆபரேஷன்கூடப் பண்ணிக்கோ, கீமோ மட்டும் வேண்டாம்மா." குணமாகியிருக்க வேண்டியவர் ஆறு மாதம் கஷாயம் குடித்துவிட்டு, நோய் எலும்புக்குப் பரவிய பிறகு வந்து நிற்கிறார். அப்போது ஏற்றும் கீமோ அவர் நாளைக் கொஞ்சம் நீட்டலாம், நோயைத் தீர்க்காது. அவர் இறந்ததும் மறுபடியும் அதே வாக்கியம். இப்படி அந்தக் கருத்து தனக்கு வேண்டிய சாட்சிகளைத் தானே தயாரித்துக்கொள்கிறது.

அதை மறுக்கத்தான் இதை எழுதுகிறேன். மறுக்கும்போது, மருத்துவமனை வராந்தாவில் புழங்கும் அதன் உடன்பிறப்பையும் சேர்த்தே மறுக்க வேண்டியிருக்கிறது. "கீமோன்னா அப்படித்தான் இருக்கும், கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்பது அது. முன்னவர் மருந்து விஷம், தொடாதே என்கிறார். பின்னவர் விஷம்தான், சகித்துக்கொள் என்கிறார். பக்கவிளைவு என்பது தலைவிதி, அதில் மனிதர் செய்ய ஒன்றுமில்லை என்பதில் இருவரும் ஒரே கட்சி. அந்தக் கட்சியோடுதான் என் சண்டை.

விஷம் என்பதை முதலில் ஒப்புக்கொண்டுவிடலாம். மறைக்க அதில் ஒன்றுமில்லை. இந்த மருந்துகளில் மூத்தது போர்க்கள வாயுவின் நெருங்கிய உறவு. மஸ்டர்டு வாயு பட்டவர்களின் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் அழிந்துபோவதைக் கண்டுதான், 1942இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் அதன் மாற்று வடிவமான நைட்ரஜன் மஸ்டர்டை நிணநீர்ப் புற்று முற்றிய ஒருவருக்கு ஏற்றிப் பார்த்தார்கள். கட்டிகள் கரைந்தன, சில வாரங்களில் திரும்பவும் வந்தன. அடுத்த பெரிய அடியில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு அமெரிக்கா போன எல்லாப்பிரகத சுப்பாராவின் குழு லெடர்லே ஆய்வகத்தில் தயாரித்துத் தந்த அமினோப்டெரினை, பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் ரத்தப்புற்று கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்தார். பதினாறு பேரில் பத்துப் பேருக்கு நோய் தற்காலிகமாகப் பின்வாங்கியது என்று 1948இல் எழுதினார். அதுவரை அந்தக் குழந்தைகளுக்குச் செய்ய எதுவுமே இல்லை. இன்று வளர்ந்த நாடுகளில் அதே நோய் வந்த குழந்தைகளில் பத்துக்கு ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். பெரும்பாலும் கீமோ மருந்துகளைக் கொண்டே இது நடக்கிறது.

வேகமாகப் பெருகும் அணுக்களைத் தாக்குவது இந்த மருந்துகளின் வேலை. புற்றணு வேகமாகப் பெருகும். மயிர்க்கால், வாயின் உள்தோல், குடலின் உட்சுவர், எலும்பு மஜ்ஜை ஆகியவையும் அப்படியே. அதனால்தான் முடி கொட்டுகிறது, வாய் புண்ணாகிறது, ரத்த அணுக்களின் 'கவுன்ட்' இறங்குகிறது. நல்ல அணுக்கள் மீண்டு எழவே பல மருந்துகளில் மூன்று வாரம் இடைவெளி விடுகிறார்கள். ஒவ்வொரு முறையும் ரத்தப் பரிசோதனை எடுப்பதும், உயரமும் எடையும் பார்த்து அளவு கணக்கிடுவதும், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்ப்பதும் சடங்கு இல்லை. குணமாக்கும் அளவுக்கும் கெடுக்கும் அளவுக்கும் நடுவே இடைவெளி குறுகலாக உள்ள மருந்து இது. அந்தக் குறுகலில் நடக்க அத்தனை கணக்கும் வேண்டும். எந்தப் பக்கவிளைவு எந்த வாரத்தில் வரும் என்று பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிட முடியும். தேதி தெரிந்து வரும் ஆபத்தை விதி என்று அழைப்பது எனக்கு விளங்கவில்லை.

இனி எண்கள். "கீமோ 97 சதவீதம் தோல்வி" என்று ஒரு செய்தி பல ஆண்டுகளாக வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. அதன் வேர் 2004இல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் மூவர் எழுதிய கட்டுரை. பெரியவர்களுக்கு வரும் 22 வகைப் புற்றுநோய்களில், ஐந்தாண்டு உயிர்வாழ்வதில் கீமோவின் பங்கு ஆஸ்திரேலியாவில் 2.3 சதவீதம், அமெரிக்காவில் 2.1 சதவீதம் என்றது அது. கணக்கு எப்படிப் போட்டார்கள் என்று பாருங்கள். அறுவை சிகிச்சையே போதும் என்று கீமோ பக்கமே போகாத நோயாளிகளும் வகுக்கும் எண்ணில் இருக்கிறார்கள். கீமோவால் அதிகம் பிழைக்கும் ரத்தப்புற்று நோயாளிகள் கணக்கிலேயே இல்லை, குழந்தைகளும் இல்லை. அதே கட்டுரையில் விரைப் புற்றுநோய்க்கும் ஹாட்ஜ்கின் நோய்க்கும் கீமோவின் பங்கு 35 சதவீதத்துக்கு மேல் என்று போட்டிருக்கிறது. அந்த வரியை யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை.

2016இல் இங்கிலாந்திலிருந்து வந்த இன்னொரு ஆய்வும் இப்படியே திரிக்கப்பட்டது. கீமோ ஏற்றிய முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் எத்தனை பேர் என்று நாடு முழுக்க எண்ணினார்கள். மார்பகப் புற்றில் சுமார் 2 சதவீதம், நுரையீரல் புற்றில் சுமார் 8 சதவீதம். நோயால் இறந்தவர்களும் மருந்தால் இறந்தவர்களும் இதில் சேர்ந்தே இருக்கிறார்கள். ஒரே ஒரு மருத்துவமனையில், நோய் முற்றிய நுரையீரல் நோயாளிகளிடம் கிடைத்த எண்ணைப் பிடித்துக்கொண்டு "கீமோ பாதிப் பேரைக் கொல்கிறது" என்று தலைப்புப் போட்டார்கள். ஆய்வின் நோக்கமே வேறு. எந்த மருத்துவமனையில் இந்த எண் கூடுதல் என்று கண்டு, அங்கே என்ன தவறு என்று பார்க்கச் சொன்னது அது. தன் சாவுகளைத் தானே எண்ணி வெளியிடுகிற ஒரு துறையின் கணக்கை, எதையும் எண்ணாதவர்கள் அதற்கு எதிராகக் காட்டுகிறார்கள்.

எண்ணாதவர்கள் என்று சொன்னது முள் சீத்தா வியாபாரிகளை. "கீமோவைவிடப் பத்தாயிரம் மடங்கு சக்தி" என்ற புகழ் அந்தப் பழத்துக்கு உண்டு. அதன் விதையிலிருந்து பிரித்த ஒரு சேர்மம், 1990களில் ஆய்வகத் தட்டில் வளர்த்த பெருங்குடல் புற்றணுக்களை மிகச் சிறிய அளவிலேயே தடுத்தது. கதை அவ்வளவுதான். தட்டில் புற்றணுவைக் கொல்ல ப்ளீச்சிங் பவுடரும் போதும். மனிதரைக் கொல்லாமல் கொல்வதுதான் கடினம். கரீபியத் தீவான குவாதலூப்பில் அந்தப் பழத்தையும் இலைக் கஷாயத்தையும் அதிகம் எடுத்துக்கொண்டவர்களிடம் பார்கின்சன் போன்ற நரம்பு நோய் கூடுதலாகக் காணப்படுவதாக 1999லேயே மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். மாற்று மருத்துவத்தை மட்டும் நம்பிப் போனவர்களையும் யேலில் எண்ணிப் பார்த்தார்கள். 2018இல் வந்த அந்த ஆய்வில் 281 பேர். எல்லோருக்கும் நோய் பரவாத நிலை. வழக்கமான சிகிச்சை எடுத்தவர்களோடு ஒப்பிட்டால் இவர்களின் சாவு அபாயம் இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றில் ஐந்து மடங்குக்கும் மேல்.

"ரசாயனம் வேண்டாம், இயற்கை போதும்" என்பவர்கள் தங்கள் வீட்டு வாசலைப் பார்க்க வேண்டும். அங்கே பூத்திருக்கும் நித்தியகல்யாணிதான் வின்கிறிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற இரண்டு கீமோ மருந்துகளின் தாய். நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலையிலிருந்து ஒரு கிராம்கூடத் தேறாது. பாக்லிடாக்சல் ஒரு மரப்பட்டையிலிருந்து வந்தது. இரினோடீகனின் மூலப்பொருள் நம் மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஒரு மரத்திலும் இருக்கிறது. கீமோ மருந்துகளில் பல, காட்டிலிருந்து வந்து கணக்குக்கு உட்பட்ட மூலிகைதான். அந்தக் கணக்கு தவறினால் மூலிகை என்ன செய்யும் என்பதற்கும் வின்கிறிஸ்டினே சாட்சி. ரத்தநாளத்தில் ஏற்றினால் ரத்தப்புற்றுக் குழந்தையைக் காப்பாற்றும் அதே மருந்து, தவறி முதுகுத்தண்டில் ஏறினால் அநேகமாக உயிரை எடுத்துவிடும். பல நாடுகளில் இது நடந்திருக்கிறது. முதுகுத்தண்டில் போட வேண்டிய மெத்தோட்ரெக்சேட்டும் ரத்தநாளத்தில் போட வேண்டிய வின்கிறிஸ்டினும் ஒரே நாளில், ஒரே மாதிரி சிரிஞ்சுகளில், ஒரே தட்டில் வந்ததுதான் காரணம். 2007இல் உலக சுகாதார நிறுவனம் சொன்ன தீர்வு சாதாரணமானது: வின்கிறிஸ்டினைச் சிரிஞ்சில் கொடுக்காதீர்கள், சிறிய சலைன் பையில் கலந்து கொடுங்கள். பையை யாரும் முதுகுத்தண்டில் மாட்ட மாட்டார்கள்.

அந்தச் சாவுகள் எதிலும் மருந்து தன் குணத்தை மாற்றிக்கொள்ளவில்லை. கையாண்ட விதம் கொன்றது. இதைவிடப் புகழ்பெற்ற சம்பவம், ஃபார்பர் உருவாக்கி அவர் பெயரையே தாங்கி நிற்கும் பாஸ்டன் மருத்துவமனையில் நடந்தது. 'பாஸ்டன் குளோப்' நாளிதழில் உடல்நலப் பத்தி எழுதிவந்த பெட்சி லேமன் மார்பகப் புற்றுக்காக அங்கே சேர்ந்திருந்தார். நான்கு நாட்களுக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டிய சைக்ளோஃபாஸ்ஃபமைடு ஒவ்வொரு நாளும் முழுதாகக் கொடுக்கப்பட்டது. 1994 டிசம்பரில் அவர் இறந்தார். ஏதோ சரியில்லை என்று அவர் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். கடும் சிகிச்சையில் இதெல்லாம் இருக்கும் என்றே எடுத்துக்கொள்ளப்பட்டது. இரண்டு மாதம் கழித்துப் பதிவேடுகளைச் சரிபார்க்கும்போதுதான் தவறு வெளியே வந்தது. "பொறுத்துக்கோங்க" என்ற சொல்லுக்கு இருக்கும் விலை இது. எது எதிர்பார்த்த வேதனை, எது ஆபத்தின் அறிகுறி என்று பிரித்துப் பார்க்கும் வாய்ப்பையே அந்தச் சொல் அடைத்துவிடுகிறது.

வாந்தியை எடுத்துக்கொள்வோம். சினிமாவில் கீமோ என்றாலே பாத்திரத்தில் தலை கவிழ்த்த நாயகிதான். அந்தப் படிமம் 1970களுக்கு உண்மை. சிஸ்பிளாட்டின் அப்போது அறிமுகமானபோது நோயாளிகள் நாள் முழுக்க வாந்தி எடுத்தார்கள், சிகிச்சையைப் பாதியில் விட்டு ஓடினார்கள். சிறுநீரகம் கெட்டுப்போவதால் அந்த மருந்தே கைவிடப்படும் நிலை. நிறைய சலைன் ஏற்றி, சிறுநீர் தாராளமாகப் போகும்படி செய்தால் சிறுநீரகம் தப்பும் என்று கண்டுபிடித்த பிறகுதான் அது பிழைத்தது. அதைக் கொண்டு லாரன்ஸ் ஐன்ஹார்ன் இண்டியானாவில், பரவிய விரைப் புற்றுநோயைக் குணமாகும் நோயாக மாற்றினார். வாந்தியை அடக்க 1991இல் ஒன்டான்செட்ரான் வந்தது, 2003இல் அப்ரெபிடன்ட். மனநோய்க்குக் கொடுக்கும் ஒலான்சபின் கீமோ வாந்தியை நன்றாக அடக்கும் என்று 2016இல் உறுதியானது. அது ஆளைத் தூங்கவைக்கிறதே என்ற குறைக்கு மும்பை டாடா நினைவு மருத்துவமனை 2024இல் பதில் சொன்னது: 10 மில்லிகிராம் வேண்டாம், 2.5 மில்லிகிராமே அதே வேலையைச் செய்கிறது, தூக்கக் கலக்கமும் குறைவு. சில ரூபாய் மாத்திரை. இருந்தும் இன்றும் பலர் வீட்டில் வாந்தி எடுத்துக் களைத்துப் போகிறார்கள். கீமோ ஏறிய அன்று ஊசியில் எல்லாம் கொடுத்துவிடுகிறார்கள். வாந்தி மறுநாளிலிருந்து நான்கைந்து நாள் வரை வரும் என்பதும், அதற்கான மாத்திரையை வாந்தி வருவதற்கு முன்பே போட வேண்டும் என்பதும் குடும்பத்துக்குச் சரியாகச் சொல்லப்படுவதில்லை. மருந்துக்கடையில் யாராவது "இது மனசு சரியில்லாதவங்களுக்குக் குடுக்கறது" என்றுவிட்டால் போதும், அட்டை பிரிக்காமலே கிடக்கும்.

வாந்தி வதைக்கும், காய்ச்சல் கொல்லும். கீமோ ஏறி ஏழு முதல் பதினான்கு நாட்களுக்குள் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்குப் போகும். அப்போது 100.4 டிகிரி தொடும் காய்ச்சல் அவசர நிலை. ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் நரம்பில் ஏற வேண்டும் என்பது உலகம் முழுக்க வைத்திருக்கும் இலக்கு. நம் ஊரில் என்ன நடக்கிறது? காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் போடுகிறோம். சூடு இறங்குகிறது, கிருமி இறங்குவதில்லை. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுகிறோம். பக்கத்துத் தெரு மருத்துவர், அவருக்கு ஆள் கீமோவில் இருப்பது தெரியாமலே ஓர் ஊசி போட்டு அனுப்புகிறார். மறுநாள் ரத்த அழுத்தம் விழுந்து, ஐசியூவில் சேர்த்து, அங்கே முடிகிறது. துக்க வீட்டு வாக்கியத்தின் பெரும்பங்கு இந்தப் பன்னிரண்டு மணி நேரத்தில்தான் பிறக்கிறது என்பது என் எண்ணம். ஒரு தெர்மாமீட்டரும் வண்டிக்குக் காசும் தெளிவான ஒரு கட்டளையும் இருந்திருந்தால் அவர்களில் பலர் நான்காவது கீமோவுக்கு வந்திருப்பார்கள்.

கீமோ மருந்தான மெத்தோட்ரெக்சேட்டை மூட்டுவாதத்துக்கு எடுப்பவர்கள் கதையும் இதே வகை. வாரம் ஒரு முறை போட வேண்டிய மாத்திரையைத் தினமும் போட்டு வாய் வெந்து, கவுன்ட் விழுந்து வருகிறவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. சீட்டில் கிழமையைத் தமிழில் எழுதிக் கொடுத்தால் தீரும் பிரச்சினை.

பக்கவிளைவு என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவதால் மருந்துக்கு மருந்து மாறும் நுணுக்கங்கள் தொலைந்துபோகின்றன. ஆக்சாலிபிளாட்டின் ஏறினால் சில நாள் ஃபிரிட்ஜ் தண்ணீரைத் தொடக்கூடக் கூடாது, தொண்டை அடைப்பதுபோல் இருக்கும், விரல் சுரீர் என்னும். 5-எஃப்யு ஊசியாகப் போடும்போதோ வாயில் ஐஸ் துண்டை வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். வாய்க்கு ரத்த ஓட்டம் குறைந்து புண் குறையும். கேப்சிடபின் மாத்திரையால் உள்ளங்கை, உள்ளங்கால் சிவந்து உரிவதற்கு, மூட்டுவலிக்குத் தடவும் டைக்ளோஃபெனாக் ஜெல்லைத் தடவிப் பார்த்தது டில்லி எய்ம்ஸ். அந்தப் பாதிப்பு 15 சதவீதத்திலிருந்து 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. இதைக் கண்டுபிடித்தவர்கள் "அப்படித்தான் இருக்கும்" என்பதை ஏற்றுக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை.

வீட்டார் பங்கும் இருக்கிறது. சர்க்கரை புற்றை வளர்க்கும், முட்டை சூடு, கறி ஆகாது என்று பத்தியம் வைத்து ஆளை வற்ற அடிக்கிறோம். எடை இறங்கியவருக்கு அடுத்த கீமோவைக் குறைக்க வேண்டியிருக்கும், தள்ள வேண்டியிருக்கும். நன்றாக வெந்த முட்டையைவிட அவருக்கு அப்போது உதவுவது குறைவு. மருத்துவரிடம் சொல்லாமல் சீந்தில் கொடியைக் காய்ச்சிக் கொடுப்பவர்களுக்கு ஒன்று: அது கல்லீரலைப் பாதித்த நோயாளிகளைப் பற்றி 2021இல் மும்பை மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள். கல்லீரல் எண்கள் ஏறினால் பழி கீமோவுக்கே போகும். கீமோ ஏறிய இரண்டு நாள் நோயாளியின் சிறுநீர், வாந்தி படும் துணியைக் கையுறை போட்டு எடுங்கள் என்பதும் சொல்ல வேண்டியது. மருந்தைக் கலந்து கொடுத்த செவிலியரின் சிறுநீரிலேயே அதன் தடம் தெரிவதை 1979இல் ஃபின்லாந்தில் கண்டார்கள். நம் டே கேர்களில் எத்தனை செவிலியருக்கு மருந்து கலக்க முறையான பாதுகாப்புப் பெட்டி இருக்கிறது என்ற கேள்வியை வேறொரு கட்டுரைக்கு வைக்கிறேன்.

எதிர்த்தரப்பில் எனக்கு மறுக்க முடியாதது ஒன்றுண்டு. நோய் தீராது என்று தெரிந்தும், கடைசி வாரங்களில்கூடக் கீமோ ஏற்றப்படுகிறது. நல்ல நடமாட்டத்தோடு இருந்தவர்களின் கடைசி நாட்களை அது மோசமாக்கியதாக 2015இல் அமெரிக்க ஆய்வொன்று சொன்னது. "இன்னொரு மருந்து முயன்று பார்க்கலாம்" என்பது சில நேரம் மருத்துவர் உண்மையைச் சொல்லத் தயங்குவதன் மறுபெயர். சில நேரம் பில். அதோடு, எல்லாத் தீங்கையும் துடைக்கவும் முடியாது. சிவப்பு ஊசி எனப்படும் டாக்சோரூபிசினுக்கு ஆயுள் முழுமைக்கும் ஓர் உச்ச அளவு உண்டு. மீறினால் இதயம் தளரும், மீறாமலும் சிலருக்குத் தளர்கிறது. விரல் மரத்துப்போனது சிலருக்குத் திரும்புவதில்லை. பிள்ளைப்பேறு போகலாம், அதை முதல் ஊசிக்கு முன்பே சொல்லியாக வேண்டும். இவற்றை எடைபோட்டு, தெரிந்தே கீமோ வேண்டாம் என்று முடிவெடுக்கும் எழுபத்தைந்து வயதுக்காரரோடு எனக்குச் சண்டையில்லை. கேள்விப்பட்டதை நம்பி முப்பத்தெட்டு வயதுக்காரியைத் தடுக்கும் உறவினரோடுதான்.

நோயாளி வாய்திறந்து சொல்வதே சிகிச்சையின் பகுதி என்பதற்கு நல்ல ஆதாரம் நியூயார்க்கிலிருந்து வந்தது. பரவிய புற்றுக்குக் கீமோ எடுத்த 766 பேரில் ஒரு பகுதியினர் தங்கள் வாந்தி, வலி, களைப்பு எல்லாவற்றையும் கணினியில் பதிவு செய்யும்படி ஏற்பாடு செய்தார்கள். ஏதாவது மோசமானால் செவிலியருக்குத் தகவல் போகும். மருந்து வழக்கமானதுதான், புதிதாக எதுவும் இல்லை. பதிவு செய்தவர்களில் பாதிப் பேர் 31 மாதத்துக்கு மேல் வாழ்ந்தார்கள், மற்றவர்களில் பாதிப் பேர் 26 மாதத்துக்கு மேல். 2017இல் இது வெளியானது. ஐந்து மாதம் ஆயுளைக் கூட்டும் புது மாத்திரை வந்தால் லட்சக்கணக்கில் விலை வைப்பார்கள்.

அத்தனை பெரிய ஏற்பாடு நமக்கு வேண்டாம். கீமோ ஏற்றும் ஒவ்வொரு இடமும் இரவிலும் எடுக்கப்படும் ஒரு தொலைபேசி எண் வைத்திருக்க வேண்டும். "காய்ச்சல் வந்தால் இங்கே, இப்போதே" என்று தமிழில் அச்சிட்ட ஓர் அட்டையை நோயாளியின் கையில் தர வேண்டும். உசிலம்பட்டியிலோ உளுந்தூர்ப்பேட்டையிலோ ஞாயிற்றுக்கிழமை இரவு கதவு தட்டப்படும் மருத்துவருக்கு அதைக் காட்டினால் என்ன செய்ய வேண்டும் என்று அதில் இருக்க வேண்டும். முதல் கீமோவுக்கு முன் குடும்பம் கேட்டு வாங்க வேண்டியது இதைத்தான். இப்போது நம்மிடம் நீட்டப்படும் ஒப்புதல் படிவத்தில் மரணம் உட்பட எல்லா அபாயமும் பொடி எழுத்தில் அச்சாகியிருக்கிறது. ராத்திரி பதினோரு மணிக்கு யாரைக் கூப்பிடுவது என்பது மட்டும் அதில் இல்லை.